ஆராத்தி எடுக்க ஒரு வாசல்

பதுளை மாவட்டத்தில் இனி ஒரு முகாம்கூட இல்லை என்று அரச தொலைக்காட்சிச் செய்தியில் சொன்னார்கள். அந்தச் செய்தியை நான் மண்சரிவில் இடம்பெயர்ந்தவர்களின் முகாம் ஒன்றுக்குள் உட்கார்ந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு குழந்தை தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. எதிர்ச் சுவரோரம் சேலை கட்டி மறைத்த இடத்தில் யாரோ உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். செய்தி வாசித்த பெண்ணோ, இடம்பெயர்ந்த அனைவரும் மகிழ்ச்சியோடு வீடு திரும்பிவிட்டதாகச் சிரித்த முகமாய்ச் சொல்லிவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டாள்.

"அப்ப நாங்க யாரு? பேயா?" என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கேட்டாள் பாக்கியலெட்சுமி. "நியூஸ் வாசிக்கிற இந்தப் புள்ளயக் கூட்டியாந்து இங்கன உக்கார வெச்சு ஒரு வாய் சோறு போடுங்கப்பா. பேய் ஆக்குன சோறு ருசியா இருக்கான்னு கேப்போம்."

மண்டபமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

நான் பதுளையிலிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவன். பிரதேச நிருபர் என்று அட்டையில் போட்டுத் தந்திருக்கிறார்கள். அமைச்சர் வந்தார், அமைச்சர் போனார், போகிற வழியில் தேநீர் அருந்தினார் என்று எழுதி எழுதிக் கைக்கே அலுத்துவிட்டது. பாக்கியலெட்சுமியைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதி அனுப்பினேன். கொழும்பில் அதை நான்கு வரியாக வெட்டிப் போட்டார்கள். அந்த நான்கு வரியில் பிரதி அமைச்சர் இருந்தார், பாக்கியலெட்சுமி இல்லை. எனக்குக் கோபம் வந்தால் சோறு இறங்காது. அதனால்தான் முழுக் கதையையும் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். வெட்டுகிறவன் இதையும் வெட்டிப் பார்க்கட்டும்.

ஸ்பிரிங்வெளி பாதையில் பஸ் ஏறிப் பாதி வழியில் இறங்கி மேலே நடந்தால் நெல்லிமலைத் தோட்டம். பாக்கியலெட்சுமி அங்கேதான் பிறந்தாள், அங்கேதான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினாள், அங்கேதான் இராசையாவைக் கட்டினாள். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கொழுந்துப் பையை மாட்டாத நாள் அவளுக்கு அபூர்வம். ஆனால் காலையில் ரேடியோச் செய்தி கேட்காமல் பெரட்டுக்குப் போகமாட்டாள். வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்தப் பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள், நேற்று பாராளுமன்றத்தில் யார் யாரைத் திட்டினான் என்பதை அவள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லி முடித்திருப்பாள். மாலையில் கொழுந்து நிறுக்கிற வரிசையில் நிற்கும்போது விமர்சனம். அவளுடைய கொழுந்து தராசில் ஏறுவதற்குள் ஓர் அமைச்சரையாவது இறக்கிவிடுவாள். தோட்டத்தில் அவளுக்குப் பெயர் நியூஸ் அக்கா.

இப்போதிருக்கிற அரசாங்கத்தைப் பற்றி அவளிடம் ஒருதரம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டேன்.

"முந்தி இருந்தவன்லாம் வோட்டுக்கு வரும்போது ஆத்தா அப்பான்னு காலத் தொடுவான். போகும்போது காருக் கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் போவான். இவங்க அப்படி இல்லைன்னு சொல்லிட்டு வந்தாங்க. நாங்க திருடன் இல்லன்னாங்க. சரி, திருடன் இல்ல, ஒத்துக்கிறேன். அதுக்காக திருடாதவன் சொன்னா பொய் உண்மையாயிடுமா தம்பி?"

"நீங்க யாருக்குக்கா போட்டீங்க?"

"இவங்களுக்குத்தான். மாரியாயியையும் இழுத்துட்டுப் போய்ப் போட வெச்சேன். அதனாலதான் கேக்குறேன். போடாதவன் வேணும்னா வாயப் பொத்திக்கிட்டு இருக்கட்டும். நான் எதுக்குப் பொத்தணும்?"

மாரியாயி அவளுடைய கூட்டாளி. ஒற்றை அறைக் காம்பராக்களை வரிசையாக ஒட்டிக் கட்டிய கீழ் லயத்தில் இருந்தவள். இரண்டு பேரும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்கள். ஒரே உயரம், ஒரே நடை. அந்த ஒரே உயரம்தான் அவர்களுக்கு இன்னொரு வேலையையும் தேடிக் கொடுத்தது. ஆராத்தித் தட்டை இரண்டு பெண்கள் எதிரும் புதிருமாகப் பிடித்துத்தான் சுற்ற வேண்டும். ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை என்றால் தட்டு சரியும், மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர் வந்தவரின் வெள்ளைச் சட்டையில் கொட்டும். இவர்கள் பிடித்தால் ஒரு சொட்டுச் சிந்தாது. அதனால் தோட்டத்துக்கு எந்தக் கட்சிக்காரன் வந்தாலும், தொழிற்சங்கத் தலைவர் கஜேந்திரன் முதலில் சொல்லி அனுப்புவது இவர்கள் இருவருக்கும்தான். பாதை திறப்பா, கூரைத் தகரம் கொடுப்பா, தேர்தல் கூட்டமா, மேடைக்கு முன்னால் தட்டோடு இரண்டு பேரும் நிற்பார்கள்.

எத்தனை நெற்றிக்கு அவர்கள் பொட்டு வைத்தார்களோ தெரியாது. ஒரு முன்னாள் அமைச்சர் ஆராத்தி வாங்கிய கையோடு லயத்துக்கு மேலே தனி வீடு கட்டப்போவதாக ஓர் அடிக்கல் நட்டார். கல் இருக்கிறது. பெண்கள் அதில் உடுப்புத் துவைக்கிறார்கள். நல்ல சொரசொரப்பான கல், சோப்பு வழுக்காது. அரசாங்கம் நெல்லிமலைக்குத் தந்ததில் உருப்படியான பொருள் அது ஒன்றுதான் என்று மாரியாயி சொல்லிச் சிரிப்பாளாம்.

போன நவம்பர் கடைசியில் அந்த மழை வந்தது. மலைநாட்டில் யாரும் அதை மறக்கப்போவதில்லை. நெல்லிமலையில் விடியற்காலையில் மேலிருந்து மண் இறங்கியது. சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்த மாரியாயி, பக்கத்துக் காம்பராக்காரர்கள் இன்னும் எழும்பவில்லை என்று திரும்பி ஓடிக் கதவைத் தட்டினாள். அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அவள் வரவில்லை. கீழ் லயத்தில் பாதி போயிற்று. மேல் லயத்தில் பாக்கியலெட்சுமியின் காம்பராவில் கூரைமரம் சரிந்து இராசையாவின் தொடையில் விழுந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பினார்கள். இன்றைக்கும் அவரால் பிடிமானம் இல்லாமல் எழும்பி நிற்க முடியாது.

மேல் லயம் விழவில்லை. விழாததுதான் பிறகு வினையாயிற்று. லயத்தின் பின்பக்கம் நிலம் நீளமாக வெடித்து, அந்த வெடிப்புக் காம்பராக்களின் தரைக்குள்ளும் ஓடியிருந்தது. மண்ணைப் பரிசோதிக்க வந்த அதிகாரிகள், இங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று கதவுகளில் சிவப்பு அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார்கள். சனங்கள் தோட்டத்துச் சனசமூக நிலைய மண்டபத்தில் படுத்தார்கள், அதுவே முகாமாயிற்று. வேறு காணி கேட்டபோது, நிலம் தோட்டக் கம்பெனியிடம் இருக்கிறது என்றது அரசாங்கம். அரசாங்கம் சொல்லட்டும் தருகிறோம் என்றது கம்பெனி. இரண்டும் மாறி மாறிக் கையை விரித்துக்கொண்டிருந்தபோதே, மாத முடிவுக்குள் முகாம்களை மூடிவிட வேண்டும் என்று கொழும்பிலிருந்து கட்டளை வந்துவிட்டது. ஒரு கந்தோரின் அறிவித்தல் லயத்துக்குப் போகாதே என்றது, இன்னொரு கந்தோரின் கட்டளை போ என்றது. இரண்டும் ஒரே அரசாங்கத்துக் கந்தோர்கள்தான். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் முதலில் சொன்ன செய்தி வந்த மறுநாள் கஜேந்திரன் முகாமுக்கு வந்தார். கெட்ட மனுசன் இல்லை. காற்று அடிக்கிற பக்கம் சாய்கிற மனுசன். முந்திய ஆட்சியில் முந்தியவர்களோடு நின்றார், இப்போது இவர்களோடு நிற்கிறார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

"அக்கா, சனிக்கிழமை பிரதி அமைச்சர் வாறாரு. கிரவுண்டுல சின்னதா மேடை. தகரம் குடுக்குறாரு, எல்லாரையும் லயத்துக்கு அனுப்பி வெக்கிறாரு. அன்னையோட முகாம் முடியுது. நீங்க ஆராத்தி எடுத்துடுங்க."

"இவங்கதான் மாலை வேணாம், மரியாதை வேணாம்னு சொல்ற ஆளுங்களாச்சே?"

"மாலைதான் வேணாம்னாங்க. ஆராத்தி வேணாம்னு சொல்லல. டீவிக்காரங்க வாறாங்க அக்கா, நம்ம கலாச்சாரம்னு காட்டணும்ல?"

பாக்கியலெட்சுமி இராசையாவின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"எடுக்குறேன். ஆனா மேடையில இல்ல. என் காம்பரா வாசல்ல."

கஜேந்திரனுக்கு விளங்கவில்லை. "என்னாக்கா சொல்றீங்க?"

"ஆராத்தி எங்க எடுக்குறது கஜேந்திரா? கல்யாணம் கட்டி வந்தா எங்க எடுப்பாங்க? புள்ள பெத்து ஆஸ்பத்திரியில இருந்து வந்தா எங்க எடுப்பாங்க? வீட்டு வாசல்ல. வீட்டுக்குள்ள வாற ஆளுக்கு எடுக்குறது அது. நாங்க என்னா பண்ணோம்? ரோட்டுக்கு வந்தவனுக்கெல்லாம் எடுத்தோம். அவனும் பொட்ட வாங்கிக்கிட்டு ரோட்டோடயே போயிட்டான். ஒருத்தன் ஏறி வந்து எங்க வீட்டப் பாத்தானா? தப்பு அவன் மேல மட்டுமா? தட்டத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடுன எங்க மேலதான் மொதத் தப்பு."

"இவ்வளவு காலமா அப்படித்தானே எடுத்தீங்க..."

"இவ்வளவு காலமும் மாரியாயி இருந்தா. நீ ஒன்னு செய். லயத்துக்குப் போகச் சொல்ற மனுசன, லயத்துக்கு வந்து சொல்லச் சொல்லு. வாசல்ல நான் தட்டோட நிப்பேன். வரலைன்னா ஆராத்தியும் இல்ல, மேடைக்கு முன்னால உக்கார ஒரு பொம்பளையும் இல்ல."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு இராசையாவைப் பார்த்தார். வீட்டுக்காரராவது ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நினைத்திருப்பார் போல.

"என்ன ஏன் தலைவரே பாக்குறீங்க?" என்றார் இராசையா. "மண்ணு வந்தா எல்லாரும் ஓடுவாங்க. நான் படுத்திருப்பேன். அவ பேசட்டும்."

கஜேந்திரன் கிளம்பிப் போனார். சனிக்கிழமைக்கு முன்பிருந்த இரண்டு நாளும் பாக்கியலெட்சுமி முகாமில் ஒவ்வொரு பெண்ணிடமும் போய் உட்கார்ந்தாள். சிலர் பயந்தார்கள். தகரத்தையும் தராமல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்றார்கள். "தகரத்த எங்க போடுவ? வெடிச்ச தரைக்கு மேலயா?" என்று கேட்டாள். ஒருத்தி மட்டும் கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளும் சனிக்கிழமை காலையில் மற்றவர்களோடு மேல் லயத்துக்கு நடந்து போனாள்.

மேடையில் கதிரைகள் போட்டிருந்தன. ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. தகரம் அடுக்கியிருந்தது. முன்னால் கம்பெனி ஆட்களும் அதிகாரிகளும் கஜேந்திரனும் சில கிழவர்களும் மட்டும்தான். பிரதி அமைச்சர் ஒரே ஒரு வாகனத்தில் வந்து இறங்கினார். சாதாரணச் சட்டை, படாடோபம் இல்லாத ஆள். சனங்கள் எங்கே என்று கேட்டார். கஜேந்திரன் கையைப் பிசைந்துகொண்டே மலையைக் காட்டினார். ஒரு நிமிடம் யோசித்தவர், "சரி, போவோம்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு ஏறத் தொடங்கினார். அதை மறைக்க மாட்டேன். அவர் ஏறியது உண்மை.

பாதை உடைந்து கிடந்தது. முழங்கால்வரை சேறு. கெமராக்காரர்கள் முனகிக்கொண்டே வந்தார்கள். மேல் லயத்தில் பெண்கள் முற்றம் முழுக்க நின்றார்கள். சிவப்பு அறிவித்தல் ஒட்டிய கதவுக்கு முன்னால் பாக்கியலெட்சுமி தட்டோடு நின்றாள். வெற்றிலையில் கற்பூரம் இருந்தது, ஏற்றவில்லை. தட்டின் இந்தப் பக்கத்தை அவள் பிடித்திருந்தாள். அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

பிரதி அமைச்சர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாசலில் கைகூப்பி நின்றார். தட்டு அசையவில்லை.

"சுத்துங்க அக்கா," என்று கஜேந்திரன் காதோரம் சொன்னார்.

"ரெண்டு பேரு புடிக்கணும்."

கஜேந்திரன் முற்றத்தைப் பார்த்தார். "யாராச்சும் ஒருத்தி வாங்களேம்மா!" ஒருத்தியும் அசையவில்லை. கெமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் வேர்த்து ஊற்றியது.

பாக்கியலெட்சுமி சிங்களத்தில் பேசினாள். பதுளைச் சந்தையில் பழகிய சிங்களம், சுற்றி வளைக்கத் தெரியாத சிங்களம்.

"எனக்கு எதுக்க நின்னு தட்டுப் புடிக்கிறவ மாரியாயி, சேர். நீங்க வோட்டுக் கேட்டு வந்தப்ப உங்களுக்குப் பொட்டு வெச்சது அவதான். அந்தா தெரியுது பாருங்க மண்ணுமேடு, அதுக்குள்ள இருந்துதான் அவள எடுத்தோம். அவ இடத்துல நிக்க இங்க யாருக்கும் மனசு வரல. ஆராத்தி இல்லாமலே உள்ள வாங்க. வீட்டப் பாருங்க."

அவர் குனிந்து உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். தரையில் வெடிப்பு அடுப்படியிலிருந்து வாசல்வரை ஓடியிருந்தது. மூலையில் அவளுடைய மட்டக்கம்பு சாய்த்து வைத்திருந்தது. கொழுந்து பறிக்கிறபோது செடியின் மேல் மட்டம் பார்க்க வைக்கிற நீளக் கம்பு அது. அதை எடுத்து வெடிப்புக்குள் விட்டாள். முழுக்கம்பும் இறங்கிப் போய் அவள் கை தரையில் முட்டியது. அடி தட்டுப்படவில்லை.

"என் வீட்டுக்காரருக்குத் தொடையில கம்பி வெச்சிருக்கு. எழும்ப ஆளு வேணும். மழை வரும், சேர். வராம இருக்காது. மண்ணு சத்தம் கேட்டா நான் அவர இழுக்கவா, விட்டுட்டு ஓடவா? நீங்களே சொல்லிட்டுப் போங்க. நீங்க சொல்ற மாதிரி செய்யிறேன்."

அந்த மனிதர் வெளியே வந்து கதவிலிருந்த சிவப்புக் கடதாசியை மேலிருந்து கீழாக வாசித்தார். பிறகு தன்னோடு வந்த அதிகாரிகளைப் பார்த்து, இதற்குள் போகச் சொன்னது யார் என்று கேட்டார். ஒருவர் மற்றவரைப் பார்த்தார், மற்றவர் மலையைப் பார்த்தார்.

"நீங்கதான் சொன்னீங்க," என்றாள் பாக்கியலெட்சுமி. "டீவியில கேட்டேன். முகாமே இல்லன்னீங்க."

அவர் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று எனக்குத் தெரியாது. காணி கிடைக்கும்வரை இந்த லயத்துக்கு ஒருவரும் திரும்ப வேண்டியதில்லை, முகாம் இருக்கும் என்றார்.

"இன்னொரு தரம் சொல்லுங்க. கெமரா பக்கம் பாத்துச் சொல்லுங்க."

சொன்னார். நான் என் கைபேசியிலும் பிடித்துவைத்துக்கொண்டேன். அவள் தட்டைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

"நான் மரியாதை தெரியாதவ இல்ல, சேர். வீட்டக் குடுத்துட்டு வாங்க. புது வாசல்ல வெச்சு உங்களுக்குச் சுத்துறேன்."

அன்று பின்னேரம் எல்லோரும் மண்டபத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடினார்கள். அவர் சொன்னது வரும், நாட்டுக்கே கேட்கும் என்று நம்பினார்கள். இராசையாவைக்கூடத் தூக்கி வந்து கதிரையில் உட்காரவைத்தார்கள். நானும் பதுளைக்குத் திரும்பாமல் இருந்தேன்.

செய்தி வந்தது. நெல்லிமலை மக்கள் தங்கள் இருப்பிடங்களுக்குத் திரும்பினர், பிரதி அமைச்சருக்கு உற்சாக வரவேற்பு. திரையில் பிரதி அமைச்சர் நின்றார். அவருக்கு முன்னால் ஆராத்தித் தட்டு அழகாகச் சுற்றியது. தட்டின் ஒரு பக்கம் பாக்கியலெட்சுமி. மறுபக்கம் கிளிப்பச்சைச் சேலையில், வாயெல்லாம் சிரிப்பாக, மாரியாயி.

தேர்தல் நேரத்தில் எடுத்த படம். அவர் சொன்ன ஒரு வார்த்தைகூட வரவில்லை.

மண்டபத்தில் ஒருத்தி ஓவென்று அழத் தொடங்கினாள். மாரியாயி கதவைத் தட்டி எழுப்பிய காம்பராக்காரி அவள். பாக்கியலெட்சுமி எழும்பிப் போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினாள்.

"செத்தவளக்கூட விட்டு வெக்கலையே, படுபாவிங்க. செத்தும் இவளுக்கு ஆராத்தி எடுக்குற வேலையா?"

பத்திரிகைக்காரன் அழக் கூடாது என்று எந்த மடையன் சொன்னானோ தெரியாது, நான் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை கஜேந்திரன் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அக்கா, அந்த வீடியோவ நான்தான் குடுத்தேன். வரவேற்பு சீன் இல்லையேன்னு கேட்டாங்க. போன்ல பழசு இருந்திச்சு. யாரு இருக்கான்னு பாக்காமலே அனுப்பிட்டேன். சத்தியமா பாக்கல அக்கா. ராத்திரி டீவியில பாத்தப்பதான் தெரிஞ்சிச்சு."

இவள் இப்போது கிழித்துத் தொங்கவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அவருடைய கைபேசியைப் பார்த்தாள்.

"முழுசா இருக்கா?"

"என்னா?"

"வீடியோ. முழுசா உன் போன்ல இருக்கா? அவ சாமான் சட்டெல்லாம் மண்ணோட போச்சு. அவ மொகத்தப் பாக்க ஒரு போட்டோ இல்ல இங்க. அனுப்பு எனக்கு."

அவர் அங்கேயே நின்று அனுப்பினார். அவள் அதை ஒருதரம் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். "நல்லா சிரிக்கிறா கழுத," என்றாள். பிறகு தன் கைபேசியை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அடுப்பு வேலைக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் முகாமை மூட ஆட்கள் வந்தார்கள். சாமான் ஏற்றத் தோட்டத்து டிரக்டர் ஒன்று, அதற்கு முன்னால் ஜீப்பில் அதிகாரி சிதம்பரநாதன். யாழ்ப்பாணத்தில் பிறந்து பதுளையில் தலை நரைத்த மனிதர். கெடுபிடி இல்லாதவர், ஆனால் மேலிடத்துச் சொல்லைத் தாண்டாதவர். பாக்கியலெட்சுமி சனசமூக நிலையத்தின் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் கதிரையில் இராசையா.

"என்னம்மா இது? எல்லாம் சுமுகமா முடிஞ்சுதெண்டு ரீவியிலை சொன்னவங்கள். வரவேற்பெல்லாம் குடுத்திருக்கிறியள். இப்ப இதிலை இருந்து மறிச்சா நான் என்ன செய்யிறது?"

"வரவேற்பு குடுத்தது யாருங்க ஐயா?"

"நீங்கள்தானே. நான் கண்ணாலை பாத்தனான்."

அவள் கைபேசியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். ஓடி முடிந்தது. அவர் திரும்பவும் ஓடவிட்டார். பச்சைச் சேலை வந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இது... கீழ் லயத்து மாரியாயி எல்லோ?"

"ஆமாங்க. நீங்கதானே அவ பொணத்துக்குக் கையெழுத்துப் போட்டீங்க."

அவர் கைபேசியைத் திருப்பித் தந்தார், அவள் படத்தை அவர் பக்கமே திருப்பிப் பிடித்தாள்.

"நாங்க யாரும் வரவேற்கல ஐயா. நாங்க யாரும் வீடு திரும்பல. வரவேற்றவ இவதான்னு கவர்மெண்டே டீவியில காட்டிருச்சு. அப்ப இவகிட்டப் போய்க் கேளுங்க. இவ சரின்னு சொன்னா நாங்க டிரக்டர்ல ஏறுறோம். தம்பி, உங்க போன்ல இருக்கிறதையும் ஐயாவுக்குக் காட்டுங்க."

நான் காட்டினேன். சிவப்பு அறிவித்தலுக்குப் பக்கத்தில் நின்று, ஒருவரும் திரும்ப வேண்டியதில்லை என்று பிரதி அமைச்சர் சொன்னதை அவர் கடைசிவரை கேட்டார். "அதை எனக்கு அனுப்பும்," என்றார். அனுப்பினேன். கொஞ்சம் தள்ளிப்போய்க் கைபேசியில் யாருக்கோ எடுத்துப் பேசினார். முதலில் மெதுவாகத்தான் பேசினார். பிறகு குரல் ஏறியது. "நான் ஏத்தமாட்டன். ஏத்திறதெண்டா நீங்கள் வந்து ஏத்துங்கோ. அந்த மனிசியின்ரை சடலத்தை நான்தான் பாரமெடுத்தனான், விளங்குதோ?" என்றது எல்லோருக்கும் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. டிரக்டர் வெறும் பெட்டியோடு திரும்பிப் போயிற்று.

அந்த வாரமே, என் வீடியோவையும் தொலைக்காட்சியில் வந்ததையும் தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்றாக ஒட்டி முகநூலில் போட்டார்கள். பதுளை, ஹல்துமுல்லை, அதற்கப்பாலும் தோட்டம் தோட்டமாக அது ஓடியது. தொலைக்காட்சி மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் பதுளையில் முகாமே இல்லை என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. போன வாரம் நில அளவைக்காரர்கள் வந்து, தோட்டத்துப் பழைய மைதானத்துக்குப் பக்கத்தில் எல்லைக் கட்டை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கட்டை அடித்தால் வீடு வந்துவிடாது. அது பாக்கியலெட்சுமிக்கும் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், கட்டைகள் அடித்த இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வருகிறாள். செய்திக்கு இன்னமும் எதிர்ப்பேச்சுப் பேசுகிறாள்.

கஜேந்திரன் பதுளை ஸ்டூடியோவில் அந்த வீடியோவிலிருந்து மாரியாயியின் படத்தைப் பிரேம் போட்டுக் கொண்டுவந்தார். முகத்தை மட்டும் வெட்டித் தரவா என்று ஸ்டூடியோக்காரன் கேட்டானாம். தட்டும் இருக்க வேண்டும் என்று பாக்கியலெட்சுமி முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள். படம் முகாம் சுவரில் தொங்குகிறது. அதற்குக் கீழே ஆணியில் தேய்த்துக் கழுவிய ஆராத்தித் தட்டு.

போன தரம் போனபோது இராசையா அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏன்டி, நாளைக்கே வீட்டக் குடுத்துட்டாங்கன்னு வெச்சுக்க. எதுக்க நின்னு யாரு புடிப்பா?"

அவள் அவருடைய காலைத் தூக்கி மடியில் வைத்து எண்ணெய்ப் போத்தலைத் திறந்தாள்.

"அத அன்னைக்குப் பாத்துக்குவோம். மொதல்ல வாசல் வரட்டும்."